பூட்டு வாங்கும் முன் நிலைக்காலைப் பாருங்கள்

கேள்வி: மேற்கு தாம்பரத்தில் எங்களுக்குத் தரைத்தளமும் மொட்டை மாடியும் உள்ள தனி வீடு. கட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 74 வயது அம்மா பகலில் வீட்டில் தனியாக இருப்பார். வாசல் கதவு தேக்கு, உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒரு தாழ்ப்பாளும், கதவின் கனத்துக்குள் பதித்த பழைய மார்டிஸ் லாக்கும் இருக்கின்றன. எல்லோரும் வெளியே போனால் வெளித் தாழ்ப்பாளான ஆல்ட்ராப்பைப் போட்டுத் திண்டுக்கல் பூட்டு மாட்டுவோம். போன மாதம் அடுத்த தெருவில் ஆள் இல்லாத ஒரு வீட்டின் கதவை நெம்பி நகையை எடுத்துப் போய்விட்டார்கள். கடையில் விசாரித்தால், கைரேகை வைத்துத் திறக்கும் டிஜிட்டல் லாக்கைக் காட்டி 28,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? எத்தனை லீவர், எத்தனை பின் உள்ள பூட்டு நல்லது? பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டும். அந்தத் திண்டுக்கல் பூட்டை எடுக்க அம்மாவுக்கு மனமில்லை.
— ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு அந்த லாக்கை வாங்க வேண்டாம். அது கெட்ட பொருள் என்பதால் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் வேறு.

கதவும் பூட்டும் பொருத்துவதுதான் என் தொழில். திருட்டு நடந்த வீடுகளில் கதவைச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பூட்டு உடையாமல் முழுசாக இருக்கும். சாவி போட்டால் சுற்றும், நாக்கு வெளியே வரும், உள்ளே போகும். பிளந்து கிடப்பது நிலைக்கால். அதாவது, பூட்டின் நாக்கு போய் உட்காரும் மரம். கடப்பாரையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகி ஒரு நெம்பு நெம்பினால், அந்த இடத்தில் நீளவாக்கில் ஒரு சிராய் பெயர்ந்து வந்துவிடும். வேலை முடிந்தது. பூட்டில் எட்டு லீவர் இருந்தாலும், கைரேகை இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை.

ஏன் அங்கே பெயர்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கதவு 38 மில்லிமீட்டர் கனம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மார்டிஸ் லாக்கைக் கதவின் கனத்துக்கு நடுவில்தான் பதிப்பார்கள். அப்படியானால் நாக்கின் மையம் உள்பக்கத்திலிருந்து 19 மில்லிமீட்டரில் இருக்கும். நாக்குக்காக நிலையில் வெட்டிய துளை 14, 15 மில்லிமீட்டர் அகலம். மீதி என்ன? வீட்டின் உள்பக்கம் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மரப்பட்டை. உள்ளே திறக்கும் கதவை வெளியிலிருந்து மோதினாலும் நெம்பினாலும் மொத்த பலமும் இந்தப் பட்டை மேல்தான் விழும். அதைக் காக்க வேண்டிய ஸ்ட்ரைக் பிளேட் என்ற தகடு, பல வீடுகளில் ஒரு மில்லிமீட்டர் தகரமாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது அரை அங்குலத்தில் இரண்டு ஸ்க்ரூ. பூட்டுப் பெட்டிக்குள் அதைத்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். பொருத்துகிறவரும் அதையே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இன்று சாயங்காலம் ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு வாசல் கதவருகே நில்லுங்கள். முதலில் கதவைத் திறந்து வைத்தபடியே சாவியை முழுசாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்று பூட்டாக இருந்தால் இரண்டும் சுற்றுங்கள். நாக்கு எவ்வளவு நீளம் வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் வந்தால் நல்ல பூட்டு. 20 வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். 12, 13தான் என்றால் பூட்டை மாற்ற வேண்டும். அப்புறம் நாக்கை உள்ளே இழுத்து, அதன் நுனியில் சாக்பீஸ் பூசி, கதவைச் சாத்திச் சுற்றுங்கள். முதல் சுற்று சுலபமாகவும் இரண்டாவது சுற்று இறுக்கமாகவும் இருந்தாலோ, இரண்டாவது சுற்று வரவே இல்லை என்றாலோ, துளை ஆழம் போதவில்லை என்று பொருள். கதவைத் திறந்து, நிலையில் உள்ள துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்பீஸ் தடம் துளையின் அடியில் விழுந்திருக்கிறதா, தகட்டின் ஓரத்தில் விழுந்திருக்கிறதா என்று தெரியும். பென்சிலை விட்டு ஆழத்தையும் அளந்துவிடுங்கள். நாக்கு 25 வரும், துளை 14 ஆழம்தான் என்றால், இத்தனை வருடமாக நீங்கள் பாதிப் பூட்டைத்தான் பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்க்கும் வீடுகளில் இது சர்வசாதாரணம். பெயின்ட் அடிக்கும்போது பட்டி விழுந்து துளை அடைபட்ட வீடுகளும் உண்டு.

மழைக்காலத்திலும் இதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதும். கதவு நிலையோடு உரசும், நாக்கு நேராகப் போய் விழாது. வீட்டில் இருப்பவர்கள் கதவை இழுத்துப் பிடித்து ஒரு சுற்று மட்டும் பூட்டிப் பழகிவிடுவார்கள். மழை நின்று மரம் காய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது.

துளையைச் சரியான ஆழத்துக்கு உளியால் இறக்குவது ஆசாரிக்கு அரை மணி நேர வேலை. கூடவே இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத எஃகில், ஒரு அடி நீளமாவது உள்ள ஸ்ட்ரைக் பிளேட் போடச் சொல்லுங்கள். ரெடிமேடாகக் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பட்டைக் கம்பியை வெட்டித் துளை போட்டுத் தருவார்கள். அதை ‘எல்’ வடிவில் மடித்து, நிலையின் உள்முகத்தையும் தழுவும்படி செய்தால் இன்னும் நல்லது. நான் சொன்ன அந்த 12 மில்லிமீட்டர் பட்டைக்கு அதுதான் கவசம். ஸ்க்ரூ 65 முதல் 75 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், நிலையின் நடு மரத்துக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். தேக்கில் முதலில் துளை போடாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் மரம் வெடிக்கும், அதையும் சொல்லி வையுங்கள். பொருளும் கூலியும் சேர்த்து அந்த 28,000இல் சிறு பங்குகூட ஆகாது.

நிலையும் சுவரும் சேரும் ஓரத்தையும் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு விரிசல் கோடு ஓடுகிறதா? நிலையைக் கையால் தட்டினால் பொத்துப்போன சத்தம் வருகிறதா? கட்டும்போது நிலைக்கு ஒவ்வொரு பக்கமும் ஹோல்ட்ஃபாஸ்ட் என்ற இரும்புப் பட்டை மூன்று வைத்துக் கான்கிரீட்டில் பதித்திருப்பார்கள். வருடங்கள் ஆக ஆக மரம் சுருங்கி, அந்தப் பிடி தளர்வது உண்டு. அப்படி இருந்தால் நிலைக்காலைத் துளைத்துச் சுவருக்குள் போகும் ஆங்கர் போல்ட் ஒவ்வொரு பக்கமும் மூன்று போடச் சொல்லுங்கள். நிலைக்காலின் அடிப்பாகத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் கரையான். அதற்கு மருந்து அடித்து, மரத்தை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை எல்லாம்.

சரி, பூட்டுக்கு வருவோம். எத்தனை லீவர், எத்தனை பின் என்று கேட்டிருக்கிறீர்கள். லீவர் பூட்டில் தகடு தகடாக அடுக்கிய லீவர்களைச் சாவியின் பற்கள் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் நாக்கு நகராது. சிலிண்டர் பூட்டில் ஸ்பிரிங் மேல் நிற்கும் சின்னச் சின்ன பின்கள் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் உருளை சுற்றும். எண்ணிக்கை கூடினால் வேறு சாவியோ கம்பியோ போட்டுத் திறப்பது கடினமாகும், உண்மைதான். ஆறு லீவர், ஆறு பின் இருந்தால் வீட்டுக்குத் தாராளம். அதற்கு மேல் எண்ணிக்கைக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பொறுமையும் நேரமும் உள்ள கெட்டிக்காரன் எந்தப் பூட்டையும் திறப்பான். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக் கலைஞர், யாராலும் திறக்க முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப், பிராமா என்ற இரண்டு நிறுவனங்களின் பூட்டுகளையும் திறந்து காட்டினார். பிராமா பூட்டுக்கு அவருக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, அதுவும் பதினாறு நாளில். அவ்வளவு நேரம் உங்கள் வாசலில் யாரும் உட்காரப் போவதில்லை. வருகிறவனுக்கு இருப்பது சில நிமிஷம். அவன் கையில் இருப்பது கடப்பாரை. அந்தச் சில நிமிஷத்தைத் தாங்குகிற கதவுதான் நமக்கு வேண்டும்.

ஆகவே மார்டிஸ் லாக்கை மாற்றுவதாக இருந்தால் நான் சொல்லும் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். நாக்கு இரண்டு சுற்றில் 25 மில்லிமீட்டர் வர வேண்டும். சிலிண்டர் கதவின் வெளிமுகத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. கடைக்காரர் 60, 70, 80 என்று பல நீளத்தில் வைத்திருப்பார். கதவின் கனத்தையும் மேலே வரும் தகட்டின் கனத்தையும் அளந்துகொண்டு போய் அதற்கு ஏற்றதை வாங்க வேண்டும். துருத்தி நிற்கும் சிலிண்டரைப் பிளையரால் கவ்வி ஒரு ஆட்டு ஆட்டினால், நடுவில் ஸ்க்ரூ போகும் மெல்லிய இடத்தில் அது ஒடிந்துவிடும். மூன்றாவது, கடையில் ‘இரண்டு பக்கமும் சாவி’, ‘ஒரு பக்கம் சாவி, ஒரு பக்கம் நாப்’ என்று இரண்டு வகை காட்டுவார்கள். உங்கள் வீட்டுக்கு, உள்ளிருந்து கையால் திருகும் குமிழான நாப் உள்ளதுதான்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பயத்தில் பலர் உள்ளேயும் சாவி போட்டுப் பூட்டி, சாவியை எங்கோ பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். ராத்திரி கேஸ் கசிந்தாலும், ஷார்ட் சர்க்யூட் ஆகிப் புகை சூழ்ந்தாலும், 74 வயது அம்மா இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல், ஒரு கையால், வெளிச்சம் இல்லாமல் திறக்க முடிகிற கதவுதான் பாதுகாப்பான கதவு. திருடனைத் தடுப்பதற்காக வீட்டு ஆட்களை அடைத்துவிடக் கூடாது.

ஆனால் நாப் வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் ஜன்னல் இருக்கிறதா? நம் வீடுகளில் வாசலை ஒட்டியே ஒரு ஜன்னல் வைப்பது வழக்கம். கோடையில் அதைத் திறந்து வைத்துத் தூங்குவோம். கம்பி இடுக்கில் ஒரு குச்சியையோ வளைத்த கம்பியையோ விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளிவிடலாம். வெளியே நின்று, ஜன்னல் வழியாக உங்கள் கையையே விட்டுப் பாருங்கள். கை எட்டுகிறது என்றால் அந்த ஜன்னலுக்குக் கொசு வலையோடு சேர்ந்த உறுதியான இரும்பு வலை அடித்துவிடுங்கள்.

அம்மாவின் திண்டுக்கல் பூட்டைப் பற்றி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையால் செய்த நல்ல லீவர் பூட்டு அது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அது தொங்கும் ஆல்ட்ராப்தான் பிரச்சினை. ஆல்ட்ராப்பும் நாதாங்கியும் வெறும் மர ஸ்க்ரூவில் நின்றால், பூட்டைத் தொடாமலே இரண்டையும் பிடுங்கிவிடலாம். இன்னொன்று, வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். மார்டிஸ் லாக்கில் உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பது வெளியே தெரியாது. அதனால் வாசல் கதவுக்கு மார்டிஸ், அம்மாவின் பூட்டு காம்பவுண்ட் கேட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கும்போதும் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தால் அது யாருக்கும் எந்தச் சேதியும் சொல்லாது. ஆல்ட்ராப்பை எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை, வைத்துக்கொள்வதானால் தலை வெளியேயும் நட்டு உள்ளேயும் வரும்படி முழுக் கதவையும் துளைத்துப் போகும் போல்ட்டாக மாற்றுங்கள்.

நீங்கள் எழுதாத இரண்டு கதவுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சமையலறைப் பின்கதவும் மொட்டை மாடிக் கதவும். வாசலில் தேக்கு போடுகிறவர்கள் பின்னால் 30 மில்லிமீட்டர் ஃப்ளஷ் டோரையோ பிவிசி கதவையோ ஒரே ஒரு டவர் போல்ட் தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறார்கள். தெருவிளக்கு எட்டாத, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காத பக்கம் அது. திருடன் எந்தப் பக்கம் போவான் என்று நான் சொல்லவே வேண்டாம். பிவிசி கதவாக இருந்தால் எந்தப் பூட்டும் பயன்படாது, கதவையே மாற்ற வேண்டும். உள்ளே பொள்ளலாக இல்லாத நல்ல கட்டைக் கதவு போட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று பன்னிரண்டு மில்லிமீட்டர் கனக் கம்பியில் தாழ்ப்பாள் போட்டாலே போதும். பின்கதவை வெளியிலிருந்து திறக்க வேண்டிய தேவை இல்லாவிட்டால் அதற்குச் சாவித் துளையே வேண்டாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது என்றால் கீல்கள் வெளியே இருக்கும். கீலின் ஆணியைத் தட்டிக் கழற்றிவிட்டுக் கதவைப் பூட்டோடு தூக்கிவிட முடியும். ஆணி கழலாத கீலாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆணியின் இரண்டு நுனியிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள்.

மாடிக்குப் படிக்கட்டு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளே இருந்தாலும், பக்கத்து மாடியிலிருந்து தாவிவர முடியும். துணி காயப்போடப் போய்வந்து சும்மா சாத்திவிடும் கதவு அது. ராத்திரி படுக்கும் முன் கேஸை மூடுவது மாதிரி, மாடிக் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் பார்ப்பது வீட்டில் ஒருவருடைய வேலை என்று ஆக்குங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் டிஜிட்டல் லாக் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். சாவியை மறந்துவிட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை, வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி எண் கொடுத்து, அவர்கள் வேலையை விட்டு நின்றதும் அதை அழித்துவிடலாம். இவையெல்லாம் உண்மையான வசதிகள். ஆனால் அதன் நாக்கும் அதே நிலைக்காலின் அதே துளைக்குள்தான் போய் விழப் போகிறது. வாங்கும் முன் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய் அவர் விரலை வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கும் பாத்திரம் துலக்கித் துலக்கி விரல் தேய்ந்தவர்களுக்கும் ரேகை மங்கிப் போயிருக்கும். இயந்திரம் திரும்பத் திரும்ப மறுக்கும். கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இருந்தால், பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்த அம்மா வெளியிலேயே நின்றுவிடக்கூடும். அவருக்காக அந்த வசதியை அணைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்க வேண்டும். அவசரச் சாவி உண்டு என்றால் அது எப்படிப்பட்ட சிலிண்டர் என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் கைரேகை, அதன் மூடிக்குக் கீழே மட்டமான சிலிண்டர் என்று செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தாம்பரத்தில் சர்வீஸுக்கு ஆள் வருவாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி விஷயத்தில் ஒரு கேள்வி. வீடு கட்டிப் பதினெட்டு வருடத்தில் அந்த மார்டிஸ் லாக்கின் சாவி யார் யார் கைக்குப் போயிருக்கிறது? பெயின்டர், பிளம்பர், முன்பு வேலை செய்த பெண், ஊரிலிருந்து வந்து தங்கிய உறவினர்? யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை சாவி எங்கே இருக்கிறது என்று உங்களால் விரல் விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். கதவின் பக்கவாட்டில் நீளமான ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அப்புறம், செருப்பு ஸ்டாண்டிலும் ஈபி மீட்டர் பெட்டியிலும் துளசி மாடத்திலும் சாவி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெயைச் சாவித் துளையில் விடுவதும் வேண்டாம். அது நாளாவட்டத்தில் தூசியோடு சேர்ந்து பிசினாகிப் பின்களைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதிவிட்டால் போதும்.

பொங்கல் பயணம். நான்கு நாள் வீடு பூட்டியிருக்கும் என்பதை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வரும்போது பார்ப்பார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வாசலில் நான்கு நாள் கோலம் இல்லாவிட்டாலே தெரிந்துவிடும், அதுவும் பொங்கல் நாளில். பக்கத்து வீட்டில் சொல்லி ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். நகையைப் பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பீரோ துணி வைப்பதற்குத்தான். வங்கி லாக்கரில் வையுங்கள். 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைக்கும்தான். நாற்பது பவுன் நகை வைத்திருந்தால் அதற்கு அது ஈடாகாது என்றாலும், வீட்டுப் பீரோவை விட வங்கி லாக்கர் எவ்வளவோ மேல்.

ஊருக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. முதலில் மாடிக் கதவு, பின்கதவு, பிறகு வாசல் நிலையின் துளையும் தகடும், அதற்கப்புறம் சிலிண்டர் என்ற வரிசையில் ஆசாரியிடம் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் நீங்கள் பூட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், லைட்டை அணைத்துவிட்டு, அம்மாவை உள்ளே நிற்கவைத்து, அவர் கையால் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். அவருக்கு நாப் இறுகினால், நாக்கு எங்கோ உரசுகிறது. தகட்டை இன்னும் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடச் சொல்லி, அவருக்குச் சுலபமாக வந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.